இதய நோய்க்கு டிஸெபிலிட்டி பென்ஷன்: போர்டு தாளிலிருந்து தீர்ப்பாயம் வரை

ராணுவத்தில் கிளார்க்காக இருந்து வெளியே வந்தவன் நான். பரங்கிமலைப் பக்கம் குடியிருக்கிறேன். என் சொந்தக் கேஸ் முடிந்த பிறகு, தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் பையில் தாள்களோடு வர ஆரம்பித்தார்கள். இதய நோய்க்கு டிஸெபிலிட்டி பென்ஷன், அதாவது சர்வீஸ் தொடர்பான ஊனத்துக்கான ஓய்வூதியம், மறுக்கப்பட்டு, பலர் ஏற்கெனவே ஒரு மேல்முறையீட்டை அனுப்பிவிட்டுத்தான் வருவார்கள். நகலை வாங்கிப் படித்தால் மகள் கல்யாணக் கடன் இருக்கும், மனைவியின் சர்க்கரை இருக்கும், இருபது வருட விசுவாசம் இருக்கும். நெஞ்சுவலி எந்தத் தேதியில், எந்த ஊரில், என்ன டியூட்டியில் இருந்தபோது வந்தது என்பது மட்டும் இருக்காது. கேஸ் நிற்பதும் விழுவதும் அந்த ஒரு வரியில்தான்.

இங்கே சொல்வது 2023 செப்டம்பர் 21-க்கு முன் சர்வீஸை விட்டவர்களுக்கு. அதற்குப் பின் வந்தவர்களுக்கு 2023-ஆம் ஆண்டின் புதிய விதிகள் பொருந்தும். அவர்களும் தாள் சேர்க்கும் பகுதியைப் படிக்கலாம். சட்டப் பகுதியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் ராணுவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன். கடற்படை, விமானப்படைக்காரர்களுக்கு அலுவலகங்கள் மாறும், படிகளின் வரிசை மாறாது.

1. உங்கள் கேஸ் எந்த வகை என்று பாருங்கள்

வேலைக்கு லாயக்கில்லை என்று மெடிக்கல் போர்டு (மருத்துவர் குழு) வைத்து அனுப்பப்பட்டவர்கள் ஒரு வகை. இதை இன்வேலிட் அவுட் என்போம். லோ மெடிக்கல் கேட்டகரியில், அதாவது உடல்நலத் தரம் குறைக்கப்பட்ட நிலையில், இருந்துகொண்டே சர்வீஸை முடித்துப் பென்ஷனோடு வந்தவர்கள் இரண்டாவது வகை. நல்ல கேட்டகரியில் வெளியே வந்து, சில வருடம் கழித்து வீட்டில் மாரடைப்பு வந்தவர்கள் மூன்றாவது.

முதல் வகைக்கு சர்வீஸ் எலிமென்ட் (சர்வீஸுக்கான பங்கு), டிஸெபிலிட்டி எலிமென்ட் (ஊனத்துக்கான பங்கு) இரண்டும் கேட்கலாம். இரண்டாம் வகைக்கு ஏற்கெனவே வரும் பென்ஷனுக்கு மேல் டிஸெபிலிட்டி எலிமென்ட் மட்டும். சொந்த விருப்பத்தில் டிஸ்சார்ஜ் வாங்கியவர்களும், 2006 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ வந்திருந்தால், இதைக் கேட்கலாம். 2009 செப்டம்பர் 29 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சகக் கடிதம் அதற்கு ஆதாரம். மூன்றாம் வகைதான் கஷ்டம். சர்வீஸில் இருந்தபோதே பிபி ஏறியதோ ஈசிஜி மாறியதோ ஏதாவது பதிவு இருந்தால் தவிர, நம்பிக்கை கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

எந்த வகையானாலும் நிபந்தனை இரண்டு. ஊனம் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். நோய் சர்வீஸால் வந்ததாகவோ சர்வீஸால் கூடியதாகவோ இருக்க வேண்டும். சர்வீஸால் வரவும் இல்லை, கூடவும் இல்லை என்று போர்டு எழுதினால் அதை எங்கள் வட்டாரத்தில் 'நானா' என்பார்கள், ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். "எனக்கு நானா போட்டுட்டாங்க சார்" என்று யாராவது சொன்னால் இதுதான் அர்த்தம்.

பணக் கணக்கையும் இப்போதே போட்டுப் பாருங்கள், அலைச்சலுக்கு ஈடாகுமா என்று தெரியும். பென்ஷனுக்கு எடுத்துக்கொள்ளும் கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 சதவீத ஊனத்துக்கு அதில் 30 சதவீதம், அதாவது 12,000. போர்டு 30 சதவீத ஊனம் போட்டிருந்தால் 3,600. ரவுண்டிங் விதிப்படி 50-க்குக் குறைந்தது 50 ஆகும், அப்போது 6,000. இதற்கு மேல் அகவிலை நிவாரணம்.

கணவர் இறந்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். நிலுவைக்காக மனைவி கேஸைத் தொடரலாம். மரணமே சர்வீஸ் தொடர்பானது என்று ஏற்கப்பட்டால், சாதாரணக் குடும்ப ஓய்வூதியத்துக்குப் பதில் கடைசிச் சம்பளத்தில் 60 சதவீதம் வரும் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும்.

2. எழுத உட்காரும் முன் தாள்களைச் சேருங்கள்

டிஸ்சார்ஜ் புக், பிபிஓ (பென்ஷன் உத்தரவு), நிராகரிப்புக் கடிதம், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவை பெரும்பாலும் வீட்டில் இருக்கும். நிராகரிப்புக் கடிதம் வந்த உறையையும் வைத்துக்கொள்ளுங்கள். கெடு எண்ணும்போது கையில் கிடைத்த தேதிக்கு அந்தத் தபால் முத்திரைதான் சாட்சி.

வீட்டில் இல்லாதது ரிலீஸ் மெடிக்கல் போர்டு தாள், வெளியே வரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையின் பதிவு. ஏஎஃப்எம்எஸ்எஃப் 16 என்ற படிவம். அதைப் பார்க்காமல் மேல்முறையீடு எழுதுவது வினாத்தாளைப் பார்க்காமல் பரீட்சை எழுதுவதுபோல. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், உங்கள் சர்வீஸ் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், எம்இஜி (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) என்றால் பெங்களூரு, ஆர்ட்டிலரிக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், இயந்திரப் பழுது பார்க்கும் பிரிவான இஎம்இ-க்கு செகந்திராபாத். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும்.

"என் எல்லா ஆவணங்களையும் தரவும்" என்று கேட்காதீர்கள். நானும் அந்த மாதிரி மேஜையில் உட்கார்ந்தவன்தான். அப்படி வரும் கடிதம் கட்டின் அடியில் போகும். நாலு பொருள் மட்டும் கேளுங்கள்: ரிலீஸ் போர்டின் முழுத் தொகுப்பு, ஏஎஃப்எம்எஸ்எஃப் 15 என்ற கேட்டகரி போர்டு தாள்கள், சேர்ந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனைத் தாள், போஸ்டிங் விவரம். பர்சனல் நம்பர், ரேங்க், டிஸ்சார்ஜ் தேதி, பிபிஓ எண் நாலும் முதல் பத்தியிலேயே இருக்கட்டும்.

பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் பதிவுகளை 25 வருடத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்கள். அவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

அப்புறம், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மகன் மகள் போனிலும் ஒரு பிரதி போட்டு வையுங்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரை உடைத்தபோது, இந்தப் பக்கம் பரணில் இருந்த பெட்டிகள்கூட நனைந்தன. மூல ஆவணத்தை எந்த அலுவலகத்துக்கும் அனுப்ப வேண்டாம். நகல்தான் போக வேண்டும்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கடிதம் எழுதவும் முன்னனுப்பவும் உதவி கேட்கலாம். சட்ட வாதத்தை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

3. போர்டு தாளை வாசிப்பது

தாள் வந்ததும் எல்லோரும் சதவீதத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது நோய் தொடங்கிய தேதியும் இடமும். அங்கே 'பீஸ்' (எல்லையோ போர்முனையோ அல்லாத அமைதிப் பகுதி) என்று ஒரு சொல் இருந்தால், மீதி எல்லாம் அதிலிருந்துதான் எழுதப்பட்டிருக்கும்.

அடுத்து, சர்வீஸில் சேரும் முன்பே நோய் இருந்ததா என்ற கேள்விக்கான பதில். 'இல்லை' என்று இருந்தால் அந்த வரியில் பென்சிலால் கோடு போடுங்கள், பின்னால் வேண்டும். அதன் பிறகு, சர்வீஸுக்குத் தொடர்பில்லை என்பதற்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். "சர்வீஸ் தொடர்பற்ற நோய்" என்று மட்டும் இருந்தால் அது காரணம் இல்லை, முடிவைத்தான் திரும்ப எழுதியிருக்கிறார்கள். உங்கள் மேல்முறையீட்டின் முதல் வாதம் அதுவாகிவிடும்.

சுருக்கெழுத்துகளுக்குப் பயப்பட வேண்டாம். சிஏடி என்றால் இதயத் தமனி நோய். எஸ்விடி, டிவிடி, டிரிப்பிள் எல்லாம் ஒன்றா, இரண்டா, மூன்றா, எத்தனை குழாயில் அடைப்பு என்பதைச் சொல்பவை. எல்ஏடி முன்பக்கத் தமனி. பிடிசிஏ என்றால் அடைத்த குழாயை பலூன் வைத்து விரித்தது.

பிபிக்கு ஒரு சதவீதம், இதயத்துக்கு ஒரு சதவீதம் என்று தனித்தனியாகப் போட்டிருந்தால், மொத்தம் அவற்றின் கூட்டல் அல்ல. 30-ம் 30-ம் 60 என்று எழுதிக் கேட்பவர்கள் உண்டு. கூட்டு மதிப்பீடு என்று போர்டே ஒன்று போட்டிருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

4. பதினான்கு நாள் கணக்கு

ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கென்று ஒரு கையேடு இருக்கிறது. 2002-இல் வந்தது, 2008-இல் திருத்தப்பட்டது. அதன் 47-ஆம் பத்தி இதய ரத்தக்குழாய் நோயைப் பற்றியது. நோய் தொடங்குவதற்கு முந்தைய 14 நாட்களில் அந்த ஆள் என்ன வேலை செய்தார் என்பதைப் பார்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஃபீல்டு (எல்லை, போர்முனைப் பகுதி), உயர்மலைப் பகுதி, தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கை ஆகியவற்றில் இருந்தபோது நோய் வந்தால், சர்வீஸ் தொடர்பானது என்று ஏற்கச் சொல்கிறது. கடும் உடல் அல்லது மன அழுத்தம் தந்த ஒரு பணியை ஒட்டி மாரடைப்பு வந்தால், சர்வீஸால் வந்தது என்றே ஏற்கலாம். பீஸ் ஸ்டேஷனிலும் உழைப்பும் அழுத்தமும் உண்டு என்று ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுகள் பலவற்றில் ஒரு வரி உண்டு. அந்த வரியைப் பலர் படித்ததே இல்லை.

போன வருடம் ஒரு ஹவில்தார் வந்தார். "சார், நமக்கு ஃபீல்டே கிடையாது. நெஞ்சுவலி வந்தப்ப பீஸ்லதான் இருந்தேன். எழுதி என்ன பிரயோஜனம்?"

"அண்ணே, அதுக்கு முந்தின ரெண்டு வாரம் எங்க இருந்தீங்க?"

கொஞ்சம் யோசித்தார். யூனிட் பயிற்சிக்குப் போயிருந்தது. ராஜஸ்தானில், மே மாதத்தில். திரும்பி வந்து ஆறாம் நாள் வலி. போர்டு தாளில் பீஸ் என்ற சொல் மட்டும் இருந்தது, பயிற்சி இல்லை. அவரும் அதை எங்கேயும் எழுதவில்லை, கேட்கவில்லையே என்று.

ஆகவே ஒரு தாளில் 14 வரி போடுங்கள். ஒவ்வொரு வரியிலும் தேதி, இடம், டியூட்டி, அதற்கு ஆதாரம். ஆதாரம் என்றால் மூவ்மென்ட் ஆர்டர், காவல் டியூட்டி பட்டியல், பயிற்சி உத்தரவு, லீவ் சர்டிபிகேட், கூட இருந்தவரின் கையெழுத்திட்ட வாக்குமூலம். தெரியாத நாளைக் காலியாக விடுங்கள். பத்து நாள் நிரம்பினாலே போதுமான பலம். இட்டுக்கட்டி எழுதிய ஒரு நாள், யூனிட் ஆவணத்தோடு மோதினால் மீதி ஒன்பதையும் கெடுத்துவிடும்.

லீவில் வீட்டுக்கு வந்தபோது வலி வந்ததா? லீவ் தொடங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தால், 14-இல் 11 நாள் யூனிட்டில்தான் இருந்தீர்கள். அதைக் கணக்கிட்டுக் காட்டுங்கள். லீவ் தொடங்கி ஒரு மாதமாகி, அதற்கு முன்னும் அலுவலக வேலைதான் என்றால் கேஸ் பலவீனம். அப்போது நீண்ட ஃபீல்டு சர்வீஸை வைத்து, சர்வீஸால் கூடியது என்று மட்டும் வாதாடலாம். எத்தனை டென்யூர் (ஒரு இடத்தில் இருந்த பணிக்காலம்), எங்கே, எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்பதை போஸ்டிங் விவரத்திலிருந்து எடுத்து எழுதுங்கள்.

புகைப்பழக்கம் பற்றி. போர்டு தாளில் 'தினம் பத்து சிகரெட்' என்று இருந்தால் அதை மறைத்துப் பயனில்லை, எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் படிக்கும். புகை, கொழுப்பு, சர்க்கரை மட்டுமே காரணம், சர்வீஸ் அழுத்தம் எதுவுமே தெரியவில்லை என்றால்தான் கையேடு மறுக்கச் சொல்கிறது. புகைத்தாலும் அழுத்தம் இருந்ததற்கு ஆதாரம் இருந்தால் 'கூடியது' என்ற வாதம் உயிரோடு இருக்கிறது. இரண்டையும் ஒரே பத்தியில் ஒப்புக்கொண்டு எழுதுங்கள்.

5. சட்டம்: கொஞ்சம் போதும்

2008-க்கு முன் வெளியே வந்தவர்களுக்கு 1982-ஆம் ஆண்டு விதிகள். சேர்ந்தபோது நோய் பற்றிக் குறிப்பு எதுவும் இல்லை என்றால், நல்ல உடம்போடு சேர்ந்தவர் என்றே கொள்ள வேண்டும். நிரூபிக்கும் சுமை உரிமை கேட்பவர் மேல் இல்லை. இதை உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் 2013-இல் தெளிவாகச் சொன்னது. போர்டு காரணம் எழுத வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. பென்சிலால் கோடு போட்ட வரி இங்கேதான் பயன்படும்.

2008 விதிகளில் அந்த அனுமானம் இவ்வளவு வலுவாக இல்லை. நிரூபிக்கும் சுமை பொதுவாக உங்கள் மேல் இல்லை, ஆனால் டிஸ்சார்ஜ் ஆகி 15 வருடம் கழித்துக் கேட்டால் உங்கள் மேல் வரும். அதனால்தான் பதினான்கு நாள் அட்டவணைக்கு இவ்வளவு இடம் கொடுத்தேன்.

இரண்டு தீர்ப்புக்கு மேல் சேர்க்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த பதினைந்து தீர்ப்புகளை ஒட்டி ஒருவர் கொண்டுவந்தார். அதில் மூன்று அவருக்கு எதிரானவை. ரவுண்டிங்குக்கு ராம் அவதார் வழக்கு, 2014 டிசம்பர் 10. சர்வீஸை முடித்து வந்தவர்களுக்கும் ரவுண்டிங் உண்டு என்றது அது.

6. முதல் மேல்முறையீடு

நிராகரிப்புக் கடிதம் கிடைத்து ஆறு மாதத்துக்குள் ரெக்கார்டு ஆபீஸ் வழியாக முதல் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போக வேண்டும். இரண்டு பக்கம் போதும். நான் எழுதும் வரிசை இது: சர்வீஸ் விவரம், நோய் தொடங்கிய தேதி, இடம், டியூட்டி, அட்டவணை, போர்டு எழுதிய காரணம் ஏன் பொருந்தாது, கோரிக்கை. கோரிக்கையில் டிஸெபிலிட்டி எலிமென்ட்டையும் ரவுண்டிங்கையும் தனித்தனியாக எழுதுங்கள். ரவுண்டிங்கைக் கேட்காமல் விட்டு, அதற்கென்று இன்னொரு முறை அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குடும்பக் கஷ்டம் எழுதக் கூடாதா என்பார்கள். ஒரு வரி எழுதுங்கள். குழுவுக்கு அதை எடைபோட அதிகாரம் இல்லை.

ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் சேர்ந்ததற்கான பதிவையும் அச்செடுத்து வையுங்கள். தகவல் உரிமை மனுவையும் மேல்முறையீட்டையும் ஒரே உறையில் போட வேண்டாம். இரண்டும் வேறு வேறு மேஜைக்குப் போகும், ஒன்று தொலையும். ஆன்லைன் குறைதீர் தளத்தில் போட்ட புகார் மேல்முறையீடு ஆகாது. அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று நம்பி ஆறு மாதத்தைக் கோட்டைவிட்டவர்கள் நிறைய.

முதல் குழு மறுத்தால் இரண்டாம் குழுவுக்கு மறுபடியும் ஆறு மாதம். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம்; முதல் குழு எந்த வாதத்துக்குப் பதில் சொல்லவில்லை என்பதை மட்டும் காட்டுங்கள்.

7. ஆயுதப்படைத் தீர்ப்பாயம்

2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. சென்னையிலேயே கிளை இருக்கிறது. ஓய்வுபெற்றவர் தான் குடியிருக்கும் ஊருக்கான கிளையில் மனுச் செய்யலாம், ரெக்கார்டு ஆபீஸ் ஜபல்பூரில் இருந்தாலும் சரி.

மேல்முறையீட்டு வழிகளை முடித்துவிட்டு வர வேண்டும் என்பது 21-ஆம் பிரிவு. இறுதி உத்தரவிலிருந்து ஆறு மாதம் கெடு என்பது 22. மேல்முறையீட்டுக்கு ஆறு மாதமாகப் பதிலே வரவில்லை என்றால், அதற்கு அடுத்த ஆறு மாதத்துக்குள் வரலாம். ஆகவே பதில் வரும் என்று வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

தாமதமாகியிருந்தால் தாமத மன்னிப்பு மனுவைத் தனியாகச் சேருங்கள். பென்ஷன் மறுப்பு மாதாமாதம் தொடரும் தவறு என்பதால் தாமதம் மன்னிக்கப்படலாம். ஆனால் நிலுவை பொதுவாக மனுவுக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான். இது தர்செம் சிங் வழக்கில் 2008-இல் வந்தது. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாத நிலுவை கரைகிறது என்று அர்த்தம்.

நீங்களே ஆஜராகி வாதாடலாம், சட்டம் அனுமதிக்கிறது. வக்கீல் வைத்தால் கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். நிலுவையில் இத்தனை சதவீதம் என்று கேட்பவரிடம் போகாதீர்கள். வெற்றியில் பங்கு வைத்துக் கட்டணம் பேசுவதை பார் கவுன்சில் விதிகளே தடுக்கின்றன. வெற்று வக்காலத்தில் கையெழுத்து வேண்டாம். சொந்தத் தாள்களில் ஒரு முழுத் தொகுப்பு எப்போதும் உங்களிடம் இருக்கட்டும்.

தீர்ப்பாயம் மறுபடி மெடிக்கல் போர்டு வைக்கச் சொன்னால் தவறாமல் போங்கள். அண்மைய எக்கோ, ஈசிஜி, ஆஞ்சியோகிராம் அறிக்கை, சாப்பிடும் மாத்திரைப் பட்டியல் எல்லாம் எடுத்துப் போக வேண்டும். "இப்ப எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், மரியாதைக்காக "நல்லா இருக்கேன் சாப்" என்று சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. எத்தனை மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பதைச் சொல்லுங்கள்.

8. உத்தரவு வந்த பிறகு

அரசு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். தீர்ப்பாய உத்தரவுகளுக்கு எதிராக அந்த வழி திறந்தே இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. தோற்றால் உங்களுக்கும் அதே வழிதான்.

ஜெயித்தால், சான்றிட்ட உத்தரவு நகலை உங்கள் கையாலேயே ரெக்கார்டு ஆபீஸுக்கு அனுப்புங்கள். அங்கிருந்து அரசு அனுமதி பெற்று, பிரயாக்ராஜில் உள்ள பென்ஷன் கணக்கு அலுவலகத்துக்குப் போய், திருத்தப்பட்ட பிபிஓ, ஸ்பர்ஷ் என்ற ஆன்லைன் பென்ஷன் தளத்தில் வரும். ஸ்பர்ஷில் ஆதார் பெயரும் சர்வீஸ் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று வழக்கு நடக்கும்போதே பாருங்கள். இனிஷியலைப் பின்னால் போட்ட தமிழ்ப் பெயர்கள் அங்கே அடிக்கடி சிக்கும்.

பிபிஓ வந்ததும் மூன்று இடம் பாருங்கள்: சதவீதம் 50 என்று இருக்கிறதா, தொடங்கும் தேதி உத்தரவில் சொன்னதா, ஆயுள் முழுவதுமா அல்லது குறிப்பிட்ட காலத்துக்கா. ஒன்று தவறினாலும் உடனே எழுதுங்கள். உத்தரவில் கொடுத்த கெடு முடிந்தும் பணம் வரவில்லை என்றால், 29-ஆம் பிரிவின்படி நிறைவேற்று மனுவை அதே கிளையில் போடலாம். அதற்கு ரெக்கார்டு ஆபீஸுக்கு நகல் அனுப்பிய ஸ்பீட் போஸ்ட் ரசீது வேண்டும்.